அடுப்படி ஒழுங்கும் ஒரு செபமே



பதுளைத் தோட்டத்து லயங்களில் ரொட்டி சுடும் மணம் எழும்போதே கூரைமேல் குரங்கும் வந்துவிடுகிறது. பிள்ளையின் பங்கு பறிபோகையில் தாய் சினங்கொள்வது நியாயமே. 2025 மார்ச் 15ஆம் நாள் ஐந்து நிமிடங்களில் நாடெங்கும் குரங்குகள் கணக்கெடுக்கப்பட்டதும் பயிரிழப்பு பெருகியதாலேயே.

ஆயினும் கல்லும் நஞ்சும் நமக்கு வழியாகா. ஏழாம் ஆண்டில் உழாமல் விடும் நிலத்தின் பலனை முதலில் ஏழைகளுக்கும், எஞ்சியதைக் காட்டு விலங்குகளுக்கும் ஒதுக்குமாறு விடுதலைப் பயணம் (23:11) பணிக்கிறது. பிள்ளையின் பசி முந்தியது; விலங்கின் உயிரும் இறைவனுடையதே.

எனவே மாவை இறுக மூடிய டின்னில் வையுங்கள். ரொட்டியை அலுமாரியில் பூட்டுங்கள். மிச்ச உணவை முற்றத்தில் எறியாதீர்கள். அதுவே குரங்கை மீண்டும் அழைக்கிறது. இன்று மாலை செபமாலைக்கு முன் உங்கள் அடுப்படியைச் சற்று நோக்குங்கள். கல்லெடுக்கும் தேவையையே அகற்றும் ஒழுங்கும் இறைவனுக்கு உகந்த செபமே.