பாதியில் நின்ற இயந்திரமும் பூட்டிவைத்த அறிவும்

பாத்திரம் கழுவும் இயந்திரம் பாதிக் கழுவலில் நின்றுவிட்டால், பழி பெரும்பாலும் பயன்படுத்தியவர்மீதே விழுகிறது. சோற்றுப் பருக்கையை வழித்தெறியாமல் அடுக்கினார்கள், உப்புப் போட மறந்தார்கள், இந்தியச் சமையலின் எண்ணெய்ப் பிசுக்குக்கு இயந்திரம் என்ன செய்யும் என்று நீள்கிறது குற்றப்பட்டியல்.

இப்பழியில் ஓரளவு உண்மை உண்டு. வடிகட்டியில் பருக்கை அடைத்தாலோ, கழிவுநீர்க் குழாய் மடிந்தாலோ நீர் வெளியேறாது. கையால் தேய்க்கும் சோப்புத் திரவத்தை ஊற்றினால் நுரை பொங்கி அடித்தட்டில் நீர் இறங்கக்கூடும். அங்குள்ள மிதவை எழுந்ததும் கசிவெனக் கொண்டு இயந்திரம் தன்னை நிறுத்திக்கொள்ளும். மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு வடிகட்டி, கழிவுக் குழாய், நீர்வரத்து, கதவுப் பூட்டு ஆகிய நான்கையும் எவரும் பார்த்துவிடலாம்.

உண்மையான வினா அதன்பின்னரே எழுகிறது. நின்ற காரணத்தைப் பல இயந்திரங்கள் ஒரு குறியீடாகத் திரையிலேயே காட்டுகின்றன. ஆனால் வாங்கியவரின் கையேடு சில குறியீடுகளுக்கு மட்டுமே பொருள் சொல்கிறது. எஞ்சியவற்றுக்குச் சேவை மையத்தைக் கைகாட்டுகிறது. மின்சுற்றுப் படமும் சோதனை முறையும் தெருமுனைப் பழுதுநீக்குநருக்கு எட்டுவதில்லை. மிக்ஸியையும் பம்பு மோட்டாரையும் பிரித்துப் பூட்டும் அவரிடம் திறன் இருக்கிறது; தகவல்தான் மறுக்கப்படுகிறது.

நீரும் மின்சாரமும் கூடும் பெட்டியை அயலார் திறப்பது ஆபத்து என்பது நிறுவனங்களின் வாதம். ஆபத்து மெய்தான். ஆயினும் படம் இல்லாமல் திறப்பவரைவிடப் படத்தோடு திறப்பவரே பாதுகாப்பானவர். பாதுகாப்பின் பெயரால் அறியாமையை வளர்ப்பது எவ்வகை அறம்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் நடைமுறையிலுள்ள விதி, இவ்வியந்திரங்களின் பம்பு, மோட்டார், வெப்பமூட்டி போன்றவை தொழில்முறைப் பழுதுநீக்குநருக்குக் குறைந்தது 7 ஆண்டுகளும், வடிகட்டி, தெளிப்புக்கை, கதவு ரப்பர் போன்றவை வீட்டாருக்கும் 10 ஆண்டுகளும் கிடைக்க வேண்டும் என்கிறது. பழுதுநீக்கும் தகவலையும் தொழில்முறையாளருக்குத் தரச் சொல்கிறது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுநீக்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது; அதே ஆண்டு டிசம்பரில் இணையத்தளமும் தொடங்கப்பட்டது. நல்ல தொடக்கம். ஆனால் இணையத்தளம் தருவோரிடமிருந்து பெறும். தர மறுப்போரைக் கட்டாயப்படுத்தச் சட்டமே வேண்டும்.

இது வசதி படைத்தோரின் சமையலறைச் சிக்கல் என்று கல்விப்புலம் ஒதுக்கிவிடக் கூடாது. இயந்திரம் நின்ற இரவில் பாதி கழுவிய பாத்திரங்களை எடுத்துத் தேய்ப்பவர் பெரும்பாலும் அவ்வீட்டுப் பெண். இல்லையேல் மறுநாள் காலை வரும் பணிப்பெண். ஊதியமின்றியோ குறைந்த ஊதியத்திலோ அந்தக் கைகள் எப்போதும் ஆயத்தமாக இருப்பதால்தான், பழுதுக்காகக் காத்திருக்கும் நாட்கள் எவருடைய கணக்கிலும் இழப்பாக ஏறுவதில்லை. பூட்டிவைத்த அறிவின் விலையை அக்கைகளே செலுத்துகின்றன.