பட்டாளத்திலும் பதிலி வேலை! பேரம் பேச என்ன மிச்சம்?

"பட்டாளத்தில் சேரப் போகிற பையன் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடக் கூடாது. ஆள் சேர்க்கும் அதிகாரியிடம் பேசி, தனக்குப் பிடித்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்" என்று சிலர் உபதேசம் செய்து வருகிறார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கோவில்பட்டியிலிருந்தும் எட்டயபுரத்திலிருந்தும் விளாத்திகுளத்திலிருந்தும் ஆள் எடுப்புக்குப் போய் வெறுங்காலில் ஓடுகிற நம் வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பேரம் பேச எங்கே இடம் இருக்கிறது? இதைத்தான் நாம் கேட்கிறோம்.

நம் கரிசல் பூமியின் நிலையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புரட்டாசியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறோம். உளுந்தும் பாசியும் பருத்தியும் மக்காச்சோளமும் மழை கொடுத்தால் உண்டு, கெடுத்தால் இல்லை. மழை பொய்த்தால் தீப்பெட்டி ஆபீஸ். அதுவும் இல்லையென்றால் ஆலை வாசலில் காண்டிராக்ட் கூலி. இப்படிப்பட்ட ஊரில் பட்டாள வேலைக்கு மதிப்பு இருந்ததில் ஆச்சரியம் என்ன? அரைக்காசு உத்தியோகமானாலும் அரசாங்க உத்தியோகம் என்றார்கள் பெரியவர்கள். பதினைந்து வருஷம் பணி செய்தால் சாகும்வரை பென்ஷன் உண்டு என்ற நம்பிக்கையில்தான் ஏழைத் தாய் தன் மகனை எல்லைக்கு அனுப்பினாள்.

அந்த நம்பிக்கையின் தலையில்தான் 2022 ஜூன் 14ஆம் தேதி கல்லைப் போட்டார்கள். அக்னிபத் என்று அதற்குப் பெயர். பயிற்சியும் சேர்த்து நான்கே வருஷம் வேலை. முடிந்ததும் நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டார்கள். மற்றவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். பென்ஷன் கிடையாது. பணிக்கொடை கிடையாது. அதற்கு முன்பே ஓடி, குதித்து, வைத்தியப் பரிசோதனையும் முடித்து, கடைசிப் பரீட்சைக்காக இரண்டு வருஷம் காத்திருந்த வாலிபர்களின் தேர்வையும் ரத்து செய்தார்கள். அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2023ல் டில்லி ஐக்கோர்ட்டும் சுப்ரீம் கோர்ட்டும் கையை விரித்துவிட்டன.

பேரம் எங்கே நடக்கிறது?

வேலையைக் கேட்டு வாங்கலாம் என்கிறார்களே, அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். தரைப்படையில் சில பிரிவுகள் உண்டு. பொதுப்பணிக்குப் பத்தாவது பாஸ், மொத்தத்தில் 45 சதவீத மார்க். டெக்னிக்கல் வேலைக்குப் பன்னிரண்டாவதில் விஞ்ஞானமும் கணக்கும் படித்து 50 சதவீதம். குமாஸ்தா, ஸ்டோர் கீப்பர் வேலைக்குப் பன்னிரண்டாவதில் 60 சதவீதம். சமையல், சலவை, தையல், முடிவெட்டு போன்ற தொழில்களுக்குப் பத்தாவது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவனுக்கு இரண்டே வேலை: ஒன்று மெஸ்ஸில் எடுபிடி, மற்றொன்று ஹவுஸ் கீப்பர். ஹவுஸ் கீப்பர் என்பது புதுப் பெயர். பழைய பெயர் சஃபாய்வாலா. துடைப்பம் அதேதான்.

ஆக, பேரம் ஆள் எடுக்கும் மைதானத்தில் நடப்பதில்லை. அது பத்து வருஷத்துக்கு முன்பே, பள்ளிக்கூட வாசலில் நடந்து முடிந்துவிட்டது. காட்டு வேலைக்கும் கட்டை அடுக்கவும் பிள்ளையை அனுப்பிய குடும்பம் அந்தப் பேரத்தில் அன்றைக்கே தோற்றுவிட்டது. 2025 முதல் ஒருவன் இரண்டு பிரிவுகளுக்கு விண்ணப்பம் போடலாம் என்று அனுமதித்திருக்கிறார்கள். நல்லது, போடட்டும். ஆனால் சேர்ந்த பிறகு எந்தப் படைப்பிரிவு, எந்த ஊர், என்ன வேலை என்பதெல்லாம் படையின் தேவைப்படிதான். எந்தப் பணியையும் கொடுக்கலாம், எங்கேயும் மாற்றலாம் என்று நிபந்தனையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நான்கு வருஷம் முடியுமுன் தானாக விலகவும் முடியாது.

அமெரிக்காவைப் பார் என்கிறார்கள்

பார்ப்போம். அங்கே பையன் பரீட்சை எழுதி, ஆள் சேர்ப்பவன் எதிரில் உட்கார்ந்து, இன்ன வேலை என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குகிறான். அந்தக் காகிதத்தில் இல்லாத எந்த வாக்குறுதியும் செல்லாது என்று அந்த ஒப்பந்தமே சொல்கிறது. அவனுக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்தது? வியட்நாம் யுத்தத்தின்போது எழுந்த மக்கள் எதிர்ப்பால் 1973ல் அங்கே கட்டாய ஆள்சேர்ப்பு நின்றது. அதன் பிறகு ஆளைத் தேடிப் போக வேண்டியது சர்க்காரின் பாடு. 2022ல் 60,000 பேரைச் சேர்க்க நினைத்த அமெரிக்கத் தரைப்படைக்கு 15,000 பேர் குறைந்தார்கள்.

அதே 2022ல் நம் நாட்டில் என்ன நடந்தது? விமானப்படையில் சுமார் 3,000 அக்னிவீரர் இடங்களுக்கு ஏழரை லட்சம் விண்ணப்பம்! ஒரு இடத்துக்கு 250 பேர். ஆலை வாசலில் இருபது பதிலிகள் நிற்கும்போது உள்ளே போகிறவன் கூலியைப் பற்றி வாய் திறக்க முடியுமா? வேலையில்லாப் பட்டாளம் வெளியே நிற்கும்வரை வேலை கொடுப்பவன் வைத்ததுதான் சட்டம். ஆலைக்கும் இதே கணக்கு, பட்டாளத்துக்கும் இதே கணக்கு.

பத்து லட்சம் யாருடைய பணம்?

நான்கு வருஷ முடிவில் பத்து லட்சத்துக்கு மேல் ரொக்கம் என்று தம்பட்டம் அடிக்கிறார்கள். முதல் வருஷம் மாதச் சம்பளம் 30,000 ரூபாய். கையில் வருவது 21,000, பிடித்தம் 9,000. நான்காம் வருஷம் சம்பளம் 40,000, பிடித்தம் 12,000. நான்கு வருஷப் பிடித்தத்தையும் கூட்டினால் 5 லட்சத்து 2 ஆயிரம். சர்க்கார் போடுவதும் அதே தொகை. ஆகவே அந்தப் பத்து லட்சத்தில் பாதி, பையனுடைய சொந்தச் சம்பளம்!

முடிவில் மொத்தமாகத் தருகிறோம் என்ற இந்த ஆசை வார்த்தையை நம் பெண்கள் நன்றாக அறிவார்கள். நூற்பாலை முதலாளிகள் சுமங்கலித் திட்டம் என்று சொல்லி, மூன்று வருஷம் விடுதியில் அடைத்து வேலை வாங்கி, கல்யாணத்துக்குப் பணம் என்றார்கள். பலருக்கு அந்தப் பணம் வந்து சேரவே இல்லை. சர்க்கார் அப்படிப் பணத்தை விழுங்கிவிடும் என்று நாம் சொல்லவில்லை. அது கைக்கு வரும். ஆனால் தந்திரம் ஒன்றுதான்: நிரந்தரம் கேட்கிற வயதுக்கு முன்னால் ஆளை மாற்று!

2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நாம் எதிர்க்கிறோம். அவற்றில்கூட, குறித்த காலத்துக்கு வேலைக்கு எடுத்த தொழிலாளிக்கு ஒரு வருஷத்தில் பணிக்கொடை உண்டு. நாட்டுக்காகத் துப்பாக்கி பிடித்தவனுக்கு நான்கு வருஷத்திலும் இல்லையா? பணியில் உயிர்விட்டால் இன்ஷூரன்சும் உதவித்தொகையும் பெருந்தொகையாகவே வரும்; அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் பக்கத்தில் நின்று அதே குண்டுக்குப் பலியான பழைய முறைச் சிப்பாயின் மனைவிக்குக் குடும்பப் பென்ஷன் உண்டு. அக்னிவீரனின் தாய்க்கு அது இல்லை. குண்டு பேதம் பார்க்கவில்லை, சர்க்கார் பார்க்கிறது.

1946ன் பாடம்

ஆள் சேர்க்கிறவன் வாய்ப்பேச்சு என்ன பெறும் என்று சரித்திரமே சொல்லும். 1946 பிப்ரவரி 18ஆம் தேதி பம்பாயில் 'தல்வார்' பயிற்சி நிலையத்து மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 78 கப்பல்களுக்கும் சுமார் 20,000 மாலுமிகளுக்கும் அது பரவியது. கெட்டுப்போன சோறு, வெள்ளை அதிகாரியின் வசை, இவற்றோடு இன்னொரு ஆத்திரமும் இருந்தது: சேர்க்கும்போது சொன்ன வேலையும் வசதியும் வெறும் பொய். பிறகு நடந்த விசாரணையிலும் இந்தக் குறை பதிவாகியது. பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் ஆலைகளை விட்டு வெளியே வந்து மாலுமிகளின் பக்கம் நின்றார்கள். துப்பாக்கிச் சூட்டில் இருநூறுக்கு மேற்பட்டோர் பலியானார்கள்.

இன்று சீருடை போட்டவன் சங்கம் வைக்கச் சட்டம் இடம் தராது. அவன் வாய் திறக்க முடியாது. அப்படியானால் அவனுக்காகப் பேரம் பேச வேண்டியவர் யார்? வெளியே நிற்கிற நாம்தான். அவனைப் பெற்ற உழைப்பாளி மக்கள்தான்.

என்ன செய்ய வேண்டும்?

போகாதே என்று நாம் எந்த வாலிபனையும் தடுக்கவில்லை. போகிறவன் தெரிந்து போகட்டும். அறிவிப்பை முழுதும் படி. தெரியாவிட்டால் படித்தவரிடம் கேள். தகுதியுள்ள இரண்டு பிரிவுகளுக்கும் விண்ணப்பம் போடு. காகிதத்தில் இல்லாத வாக்கை நம்பாதே. வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் தரகனுக்குக் காலணாவும் கொடுக்காதே.

ஆனால் இத்துடன் நம் கடமை முடியவில்லை. 2023 ஜனவரியில் தரைப்படைப் பயிற்சிக்குப் போன முதல் அணிக்கு 2027 தொடக்கத்தில் நான்கு வருஷம் நிறைகிறது. நால்வரில் மூவர், வாலிப வயதிலேயே ஊர் திரும்ப வேண்டியவர்கள். துணைப்படைகளில் பத்து சதவீத ஒதுக்கீடு என்று 2022ல் சொன்னார்கள். முன்னாள் ராணுவத்தினருக்கு ஏற்கனவே உள்ள ஒதுக்கீட்டு இடங்களையே சர்க்கார் இலாகாக்கள் ஒழுங்காக நிரப்பியதில்லையே!

ஆகவே, நிரந்தர வேலையும் பென்ஷனும் கொண்ட பழைய முறை ஆள்சேர்ப்பை மீண்டும் கொண்டு வா! வெளியேற்றப்படும் ஒவ்வொரு அக்னிவீரனுக்கும் நிரந்தர வேலைக்கு உத்தரவாதம் கொடு! கரிசல் கிராமத்துப் பிள்ளை பன்னிரண்டாவது வரை படிக்க வழி செய்! ஆலைச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் இந்தக் கோரிக்கைகளைத் தங்கள் கோரிக்கையாக எடுக்க வேண்டும்.

தனி ஆளாய் மேஜை முன் நிற்பவனிடம் பேரம் இல்லை, கெஞ்சல்தான் உண்டு. ஆயிரம் பேர் சேர்ந்து நின்றால்தான் பேரம்!