சுக்கான் பிடித்த கை

விழா மலரிலே கல்லூரியின் பெருமையையும் ஆசிரியப் பெருமக்களின் அருமையையும் பேசாது, வாடகைப் படகொன்றைப் பற்றி எழுதப் புகுந்தமைக்கு அன்பர்கள் எம்மைப் பொறுத்தருள்வாராக. எமது பழைய மாணவர் பலர் இன்று ஐரோப்பிய நகரங்களில் வாழ்கின்றனர். அவர்களைக் காணச் செல்வோரும் பலர். அங்ஙனம் செல்வோர் ஒல்லாந்தின் தலைநகராகிய அம்ஸ்ரர்டாமை அடைந்தால், கண்ணாடிக் கூரையிட்ட பெரும் படகிலே நெருங்கி அமர்ந்து, பதிவு செய்த குரலொன்று சொல்லுவதைக் கேட்டவாறே ஒரு மணி நேரத்திற் கரையேறி விடுகின்றனர். அஃது ஊரைக் கண்டதாகாது என்பதே எமது துணிபு. சிறு படகொன்றை வாடகைக்கு எடுத்துத் தாமே செலுத்திப் பார்த்தல் வேண்டும்.

இதற்குப் பெருந் தகைமை எதுவும் வேண்டியதில்லை. அந்நாட்டுச் சட்டப்படி, 15 மீற்றருக்கு மேற்படாத நீளமும் மணிக்கு 20 கிலோமீற்றருக்கு மேற்படாத வேகமும் உடைய படகைச் செலுத்த உரிமப்பத்திரம் தேவையன்று. கால்வாய்களிலோ பெரும்பாலும் மணிக்கு 6 கிலோமீற்றருக்கு மேற் செல்லலாகாது. விரைந்து நடப்பவன் வேகமே அது. நகரின் நடுப்பகுதியிற் புகை கக்கும் உல்லாசப் படகுகளை 2025 ஆம் ஆண்டிலே தடை செய்து விட்டனர். ஆதலின் பற்றரியால் இயங்கும் படகு நீரைக் கிழிக்கும் ஓசையன்றி வேறோசை எழுப்பாது. 1613 ஆம் ஆண்டிலே வெட்டத் தொடங்கிய ஹேரன், கைசர், பிரின்சன் என்னும் மூன்று பெருங் கால்வாய்களும் ஒன்றையொன்று தழுவி அரைவட்டமாய்ச் செல்கின்றன. 2010 இல் இவை உலக மரபுரிமையாகப் பிரகடனஞ் செய்யப்பட்டன. வளைவான பாலங்களின் கீழ்த் தலை தாழ்த்தி நுழையும்போது, செங்கற்களின் ஈரமணம் மூக்கில் ஏறுகின்றது. கண்ணாடிப் படகில் அது வாராது.

எம்முடன் ஒரே வாங்கில் இருந்து கற்ற நண்பர் இருவருடன் நாம் அவ்வாறு சென்றோம். வாடகைக்கு விட்டவர் பத்து நிமிடத்திற்குள் யாவுங் கற்பித்து முடித்தார். சுக்கான் கோலை இடப்புறந் தள்ளினாற் படகு வலப்புறந் திரும்பும். தடுப்புக்கருவி இல்லை, பின்னோக்கி இயக்கியே நிறுத்துதல் வேண்டும். வலப்பக்கமாகவே செல்லுதல் வேண்டும். கேட்டோம், தலையசைத்தோம், கையொப்பமிட்டோம். முதலாவது பாலத்தின் கீழே பெரும் படகொன்று எதிர்ப்பட்டது. ஆண்டுக் கணக்காக யாழ்ப்பாணத்து வீதியில் இடப்பக்கமாகவே வண்டி செலுத்திப் பழகிய எமது கை, எம்மைக் கேளாமலே இடப்பக்கம் ஒதுங்கிற்று. "வலப்பக்கம் மச்சான், வலப்பக்கம்!" என்று நண்பர் அலறினார். கோலை வலப்பக்கந் தள்ளினோம். படகு இன்னும் இடப்பக்கஞ் சென்றது. பெரும் படகுக்காரர் கொம்பூதித் தமது கலத்தை நிறுத்தினார். நாம் கற்சுவரில் மோதி நின்றோம். காயம் எவருக்கும் இல்லை, நாணமே மிகுதி. வகுப்பிலே நாம் கணிதத்தில் முதல்வராயிருந்தமையை நண்பர் அப்போது நினைவூட்டியிருக்க வேண்டியதில்லை.

ஆதலின் எமது முதற் கருத்து யாதெனின், பத்து நிமிடப் பாடம் போதாது என்பதே. கரையோரத்தில் அரை மணி நேரம் திருப்பியும் நிறுத்தியுங் காட்டிய பின்னரே ஒருவரிடம் படகை ஒப்படைத்தல் வேண்டும். வாடகை சற்று ஏறினும் ஏறுக. சுக்கான் பிடிப்பவன் மது அருந்தும் அளவுக்கு வண்டி செலுத்துவோனுக்குப் போலவே சட்டத்தால் வரம்பு கட்டியிருக்கின்றனர். பழக்கமின்மைக்கோ வரம்பு எதுவுமில்லை. இரண்டினுள் எது அதிகம் மோதுகின்றதென்பதை அச்சுவரைக் கேட்டால் தெரியும்.

அந்நியர் கையிற் படகு கொடுப்பதையே அடியோடு ஒழித்தல் வேண்டும் என வாதிடுவோரும் உளர். அவர்கள் குறையை நாம் இகழமாட்டோம். கால்வாயின் இருமருங்கும் குடியிருப்பு. நீரின் மேலேயே ஏறத்தாழ 2,500 படகு வீடுகள். ஒருவர் சமையலறைச் சாளரத்துக்கு மூன்று முழத் தூரத்திலே விடுமுறைக் கூட்டம் பாட்டுப் பாடிச் செல்லுமாயின், அவர் பொறுப்பாரா? எமது முற்றத்தில் எவரேனும் அவ்வாறு செய்தால் நாம் பொறுப்போமா? படகுகளின் தொகைக்கு எல்லை விதிப்பது நியாயமே. எனினும், தானே செலுத்துபவன் ஒவ்வொரு சாளரத்தையும் ஒவ்வொரு படகையுங் கவனித்தே செல்ல வேண்டியவன். பெரும் படகில் ஏற்றிச் செல்லப்படுபவனுக்கு அக்கடப்பாடு இல்லை. ஒழுங்காகக் கற்றவனிடம் அவ்வூரைக் காணும் உரிமையைப் பறித்தல் தகாது.

மற்றொரு காரணமும் உண்டு. எமக்கு அதுவே பெரிது. எவருங் காட்டாத வழியில் திரும்பிக் குளோவனியர்ஸ் பேர்க்வால் என்னுங் கால்வாயினுள் நாம் புகுந்தோம். அதன் கரையிலே செங்கல்லாலான பழைய மாளிகையொன்று உண்டு. 1602 இல் நிறுவப்பட்ட ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கம்பனியின் தலைமையகம் அதுவே. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டவர்கள் அவர்களே. எமது யானைக்கும் சங்குக்கும் சாயவேருக்கும் வந்த ஊதியத்தைக் கணக்கிட்ட பதினேழு கனவான்கள் கூடிய இடம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து சமயப் பணி செய்த பால்தேயு பாதிரியார் எமது நாட்டைப் பற்றி எழுதிய நூலும் அந்நகரிலேதான் 1672 இல் அச்சேறிற்று. நாம் சிறுவராயிருந்தபோது கையில் எண்ணிய துட்டும் அவர்கள் காசின் பெயரே. யாழ்ப்பாணக் கோட்டையின் அகழியைப் பார்த்து வளர்ந்த எமக்கு, அகழி வெட்டியவர்களின் சொந்த நீரிலே சுக்கான் பிடித்து நின்றபோது தோன்றியது சினமா வியப்பா என்று சொல்லத் தெரியவில்லை. மூவரும் சற்று நேரம் பேசாதிருந்தோம்.

அம்மாளிகை இன்று பல்கலைக்கழகத்துக்கு உரியது. மாணவர் சிலர் துவிச்சக்கர வண்டிகளைக் கரையிற் சாத்திவிட்டு, மடியில் ஏடும் கையில் ரொட்டியுமாக அமர்ந்திருந்தனர். அவர்கட்குக் கையசைத்தோம், அவர்களும் அசைத்தனர். படகை ஒப்படைக்கும் நேரம் நெருங்கியதால், நண்பரிடம் சுக்கானைக் கொடுத்து, வலப்பக்கமாகவே திரும்பினோம்.