வேடந்தாங்கலுக்கு ஐந்து கிலோமீட்டர் அமைதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்தில் சீசன் களைகட்டிவிட்டது, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் நிறுத்த இடமில்லை என்று பலரும் பெருமையாகச் சொல்கிறார்கள். கடந்த ஞாயிறு அந்தச் சாலையில் நடந்ததைப் பார்த்த எனக்கு இதில் பெருமைப்பட ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

நானும் பள்ளியில் படிக்கும் என் மகளும் படாளம் கூட்ரோட்டிலிருந்து சைக்கிளில் கிளம்பி, வேடந்தாங்கலைத் தாண்டிக் கரிக்கிலி நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். சாலையோர வயலில் நத்தைகுத்தி நாரைகள் சேற்றைக் கிளறி இரை தேடிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்ப்பதற்காக மகள் வேகத்தைக் குறைத்து, ஓரமாகத்தான் போனாள். பின்னால் வந்த கார் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. வயலிலிருந்த நாரைகள் மொத்தமும் எழும்பிப் பறந்தன. மிரண்டுபோன பிள்ளை ஹேண்டில்பாரைத் திருப்பி, சைக்கிளோடு வாய்க்காலில் சரிந்தாள். முழங்காலிலும் உள்ளங்கையிலும் தோல் வழன்றுவிட்டது. காரில் இருந்தவர் கண்ணாடியை இறக்கினார். அடிபட்டதா என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். "சின்னப் புள்ளைய கூட்டிக்கிட்டு சைக்கிள் ஓட்டுற ரோடாய்யா இது?" என்று கத்திவிட்டுப் போய்விட்டார்.

சற்றுத் தள்ளி, வண்டிகளை ஒழுங்குபடுத்த நின்றிருந்த பணியாளரிடம் முறையிட்டேன். "கார் வரத்தான் சார் செய்யும். நீங்கதான் பார்த்துப் போகணும்" என்றார். கார்க்காரரின் கத்தலைக்கூட மறந்துவிடலாம். பொதுப்பணியில் இருப்பவர் சொன்ன இந்தப் பதில் மனதைவிட்டுப் போகவில்லை. சரணாலயச் சாலையில் யாருக்கு முதல் உரிமை என்பதை இவர்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். முதலில் கார், மிச்சமிருந்தால் மனிதர், அதற்கும் பிறகுதான் பறவை.

வேடந்தாங்கல் ஊர்க்காரர்கள் காத்துவந்த முறை இதற்கு நேர்மாறானது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட வந்தபோது, கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் நின்று, இந்த ஏரியில் வேட்டை கூடாது என்று சாசனம் வாங்கியவர்கள் அவர்கள். 1858இல் அதை மறுபடியும் உறுதி செய்துகொண்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகிறது என்பதை எந்த ஆய்வறிக்கையும் வருவதற்கு முன்பே அறிந்தவர்கள். இன்றைக்கும் தீபாவளியன்று அங்கே பட்டாசுச் சத்தம் கேட்காது. பிள்ளைகளுக்குப் பட்டாசு வாங்கித் தராமல் ஓர் ஊர் ஆண்டாண்டு காலமாகப் பறவைகளுக்காக அமைதி காக்கிறது. வெளியூரிலிருந்து வரும் நாம் ஒரே காலைப் பொழுதில் அந்த அமைதியைக் கலைத்துவிட்டுத் திரும்புகிறோம். எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

ஹாரன் சத்தம் வெறும் காதடைப்போடு முடிவதல்ல. கூட்டில் அடைகாக்கும் நாரையும் கூழைக்கடாவும் மிரண்டு எழுந்தால், முட்டையும் குஞ்சும் வெயிலில் கிடக்கும். அந்த நேரம் பார்த்துக் காகமும் பருந்தும் இறங்கும். ஏரியின் நீர்ப்பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். பறவைகள் கூடு கட்டுவது அங்கே என்றாலும் இரை தேடுவது சுற்றியுள்ள ஏரிகளிலும் வயல்களிலும். அதனால்தான் 1998இல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை சரணாலயம் என்று அறிவித்தார்கள். வேடந்தாங்கலும் கரிக்கிலியும் 2022இல், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தன. ஏரிக்கரையில் மட்டும் 'அமைதி காக்கவும்' என்று பலகை வைத்துவிட்டு, பறவை மேயும் வயலோரச் சாலையை ஹாரனுக்கு விட்டுக்கொடுத்தால், அந்தப் பட்டியலுக்கு என்ன மதிப்பு?

என் கோரிக்கை எளியது. நவம்பர் முதல் மார்ச் வரை, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில், இந்த ஐந்து கிலோமீட்டருக்குள் வெளியூர்ப் பார்வையாளர்களின் கார், வேன், பைக் எதுவும் நுழையக் கூடாது. எல்லையில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து சைக்கிளிலோ நடந்தோ போகட்டும். வாடகைச் சைக்கிளை உள்ளூர் மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் ஒப்படையுங்கள்.

இது கனவு அல்ல, நம் நாட்டிலேயே நடப்பதுதான். ராஜஸ்தானின் பரத்பூரில், 1985 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக இருக்கும் கேவலாதேவ் தேசியப் பூங்காவில், முதல் சோதனைச் சாவடிக்கு அப்பால் பார்வையாளர் காருக்கு இடமில்லை. சைக்கிள், ரிக்‌ஷா, நடை இவைதான். அங்கே ரிக்‌ஷா ஓட்டுகிறவர்களே பறவைகளைப் பெயர் சொல்லிக் காட்டும் வழிகாட்டிகள், அதுவே அவர்கள் பிழைப்பு. ஒரு காலத்தில் வைஸ்ராய்கள் ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் பறவைகளைச் சுட்டு வீழ்த்திய இடம் அது. அங்கே முடிந்த கட்டுப்பாடு, வேட்டையையே தடுத்து நிறுத்திய ஊரில் முடியாதா?

பரத்பூருக்கு மதில் உண்டு, இங்கே ஊர்கள் உள்ளேயே இருக்கின்றன என்பார்கள். உண்மை. அதனால்தான் தடை வெளியூர்ப் பார்வையாளருக்கு மட்டும் என்கிறேன். ஊர்க்காரரின் வண்டி, டிராக்டர், அரசுப் பேருந்து, ஆம்புலன்ஸ் தாராளமாகப் போகட்டும். வயதானவர்கள் என்ன செய்வார்கள்? பேட்டரி வண்டி விடுங்கள். கடைக்காரர் பிழைப்பு கெடுமா? காரில் வருகிறவர் சென்னையிலேயே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வருகிறார், சைக்கிளில் வருகிறவர் வழிநெடுக இறங்கி இளநீரும் டீயும் குடிக்கிறார். கூட்டம் குறையுமா? குறையட்டும். பறவைகள் சரணாலயம் பறவைகளுக்காகத்தான்.

இதைச் செய்தால் பாலாற்றுப் படுகை முழுவதற்குமே ஒரு வழி திறக்கும். வேடந்தாங்கல், கரிக்கிலி, குடவோலைக் கல்வெட்டு உள்ள உத்திரமேரூர், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் என்று ஏரிக்கரைகளையும் கிராமத்துச் சாலைகளையும் இணைத்தால், பிள்ளைகளைப் பயமில்லாமல் அழைத்துப் போகக்கூடிய சைக்கிள் பாதை கிடைக்கும். புதிதாக நிலம் எடுக்க வேண்டாம், தார் போட வேண்டாம். கரைகளைப் பழுது பார்த்து மோட்டார் வண்டிகளை விலக்கினாலே போதும். ஏரியைக் கவனிக்கவென்றே தனி வாரியம் வைத்திருந்ததாக ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் வெட்டிவைத்த பகுதி இது. அதே பகுதியின் ஏரிக்கரைச் சாலையைப் பற்றி இன்று கேட்க நாதியில்லை.

அதிகாரிகளுக்கு நேரமில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். 2020இல், அதே ஐந்து கிலோமீட்டரை மூன்றாகச் சுருக்க முன்மொழிவு தயாரிக்க நேரம் இருந்தது. மக்கள் கொதித்தெழுந்த பிறகுதான் அது கைவிடப்பட்டது. எல்லையைக் குறைக்கக் கோப்பு நகரும், எல்லைக்குள் ஒரு விதியைக் கொண்டுவர மட்டும் நகராது என்றால், கோளாறு சட்டத்தில் இல்லை, மனத்தில் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், சரணாலயத்தை நிர்வகிக்கும் அதிகாரத்தைத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குத் தந்திருக்கிறது. மாவட்ட ஆட்சியரும் காவல் துறையும் அவரோடு உட்கார்ந்து பேசினால் ஒரே கூட்டத்தில் முடியும் காரியம் இது.

அடுத்த நவம்பருக்குள் ஆணை வரட்டும். வராவிட்டால், சீசனின் முதல் ஞாயிறன்று செங்கல்பட்டு வட்டாரத்துச் சைக்கிள்காரர்கள் அத்தனை பேரும் குடும்பத்தோடு படாளத்தில் கூடி, சாலையின் முழு அகலத்துக்கும் சைக்கிள் ஓட்டி வேடந்தாங்கல் வரை போக வேண்டும் என்று தங்கள் இதழ் வழியாக அழைக்கிறேன். என் மகளும் வருவாள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
செங்கல்பட்டு