ஆலோசனைக்குக் கொடுத்த பணம் என்ன பயன் தந்தது?

அரசு அலுவலகம் சிமெண்டு வாங்கினால் மூட்டைகளை எண்ணலாம், தரத்தையும் சோதிக்கலாம். ஆலோசனை வாங்கினால் எதை எண்ணுவது?

விஜயபுரம், நகரி வட்டார வாடிக்கையாளர்களுக்கு இது தொலைவிலுள்ள கேள்வி அன்று. நாம் அடிக்கடி சென்று வரும் திருப்பதி, 2016 செப்டம்பரில் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இடம்பெற்றது. வேலூரும் மதுரையும் அதே பட்டியலில் இருந்தன. போட்டிக்கான திட்ட அறிக்கையைத் தயாரிக்க மட்டும் நகரம் ஒன்றுக்கு 2 கோடி ரூபாயை மத்திய அரசு ஒதுக்கியது. திட்டம் தீட்டவும் பணிகளை மேற்பார்வையிடவும் ஆலோசனை நிறுவனங்கள் அமர்த்தப்பட்டன.

இத்தகைய நிறுவனங்களைத் தேர்ந்தெடுக்கும் கொள்முதல் துறைக்கு, கேட்ட கட்டணத்துக்கும் முடிவான கட்டணத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தன் சாதனையாகக் காட்டுவது எளிது. அந்த அளவுகோல் போதாது என்பது என் கருத்து. பேரம் உண்டென்று அறிந்தவர் கூட்டியே கேட்பார். கட்டணம் குறைந்தால், அனுபவமிக்க வல்லுநருக்குப் பதிலாகப் புதியவர் அனுப்பப்படலாம்.

மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், தரத்தையும் விலையையும் சேர்த்து மதிப்பிட இடம் தருகின்றன. தரத்துக்கு 70, விலைக்கு 30 என்று வைத்துக்கொள்வோம். தரத்தில் 90 மதிப்பெண் பெற்ற நிறுவனம் 50 லட்சமும், 70 பெற்றது 40 லட்சமும் கேட்கின்றன. குறைந்த விலைக்கு 100 மதிப்பெண், மற்றதற்கு 80. கூட்டினால் முதல் நிறுவனத்துக்கு 87, இரண்டாவதற்கு 79. சேமிப்பை மட்டும் பார்ப்பவருக்கு இது 10 லட்சம் நட்டமாகவே தோன்றும்.

வங்கியில் கடன் வழங்கியதோடு எங்கள் கடமை முடிவதில்லை. கிணற்றில் மோட்டார் பொருத்தப்பட்டதா என்று நேரில் பார்க்கிறோம். ஆலோசகரின் பணியைத் துறை இறுதிவரை கண்காணிக்க வேண்டுமென அதே நிதி விதிகளும் கூறுகின்றன. எனவே கொள்முதல் துறையிடம் நான்கு கேள்விகள் கேட்கலாம். சொந்தப் பொறியாளர்களால் முடியாத பணிதானா? ஏற்கத்தக்க பணி முடிந்த பின்னரே தவணை வழங்கப்பட்டதா? ஓராண்டுக்குப் பின் எத்தனை பரிந்துரைகள் நடைமுறையில் உள்ளன? அடுத்த முறை இதே பணியைச் செய்ய நம் ஊழியர்கள் கற்றுக்கொண்டார்களா?

நிறைவேற்றுவது கொள்முதல் துறையின் கையில் இல்லை என்பர். உண்மையே. ஆட்சி மாறினால் திட்டம் மாறும் என்பதை அமராவதியில் கண்டோம். ஆயினும், அறிக்கையை நிறைவேற்றும் பொறுப்பு யாருக்கு என்பதை முன்கூட்டியே எழுதி வாங்குவது அத்துறையால் இயலும். யாரும் பொறுப்பேற்காத பணிக்கு ஆலோசகரை அமர்த்தாமல் தடுத்தால், அதுவே பேரத்தில் கிடைப்பதைவிடப் பெரிய சேமிப்பு.

ஸ்மார்ட் சிட்டி இயக்கம் 2025 மார்ச்சுடன் நிறைவுற்றது. வரி செலுத்துவோர் இந்த நான்கு கேள்விகளையும் தத்தம் நகராட்சியிடம் கேட்பதற்கு இது ஏற்ற காலம்.