ஞானஸ்நானம் யாருடைய கடமை?

மனதார இயேசுவை ஏற்றுக்கொண்டவருக்குத் தண்ணீர் வேறு எதற்கு என்ற கேள்வி கிறிஸ்தவத்துக்குப் புதிதல்ல. கி.பி. 200-ஐ ஒட்டிய காலத்திலேயே சிலர் அப்படிப் பிரசாரம் செய்தார்கள். அவர்களுக்கு மறுப்பாகக் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் ஒரு தனி நூலே எழுதினார். இன்றும் வாதம் ஓயவில்லை. ஆனால் இரு தரப்பும் ஒரே புள்ளியில் நின்று மல்லுக்கட்டுகின்றன: ஞானஸ்நானம் பெறாதவர் மோட்சம் போவாரா, மாட்டாரா? அந்தக் கேள்வியை வைத்து முடிவுகட்டப் பார்ப்பதுதான் சிக்கல். ஞானஸ்நானம் இன்றும் தேவைதான். ஆனால் அந்தத் தேவை, பெறுகிறவரின் மறுமையைவிட, கொடுக்கிற சபையின் கடமையோடுதான் அதிகம் சம்பந்தப்பட்டது.

அப்போஸ்தலர் நடபடிகளின் 10-ஆம் அதிகாரம் இதற்குச் சான்று. கொர்நேலியு ரோமப் படையில் நூற்றுக்கு அதிபதி, யூதர் அல்லாதவர். பேதுரு பேசிக்கொண்டிருக்கும்போதே, ஒரு சொட்டுத் தண்ணீர் படுமுன்பே, அவர் வீட்டில் கூடியிருந்தவர்கள்மேல் பரிசுத்த ஆவி இறங்குகிறது. தண்ணீர் இல்லாமல் கடவுளின் அருள் வராது என்பவர்களுக்கு இந்தக் காட்சி இடிக்கும். ஆவி வந்தபின் தண்ணீர் வீண் என்பவர்களுக்கோ அடுத்த காட்சி இடிக்கும்: இவர்களுக்குத் தண்ணீரை மறுப்பவர் யார் என்று கேட்டு, ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்கிறார் பேதுரு. அந்தக் கேள்வி, யோப்பாவிலிருந்து அவரோடு வந்த யூத விசுவாசிகள் காதில் விழத்தான் கேட்கப்பட்டது. அந்நியர் வீட்டில் கால் வைப்பதே தீட்டு என்று வளர்ந்தவர்கள் அவர்கள். கடவுள் சேர்த்துக்கொண்டவரை அவர்களும் சேர்த்தே ஆக வேண்டும். விசுவாசத்தை ஒருவர் நெஞ்சுக்குள் வைத்துக்கொள்ளலாம். ஞானஸ்நானத்தை யாரும் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ள முடியாது; அதற்கு இன்னொருவர் கை நீள வேண்டும்.

இயேசு பரதீசை வாக்களித்த, சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு ஞானஸ்நானம் ஏது என்று கேட்பார்கள். வாய்ப்பே இல்லாதவருக்குக் கிடைத்த சலுகையை, வாய்ப்புள்ளவர்களுக்கு விதியாக்க முடியாது. ஞானஸ்நானத்தின் அவசியத்தை அழுத்திச் சொல்லும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல்கூட, கடவுள் தம் அருளடையாளங்களுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர் என்று ஒப்புக்கொள்கிறது. கிறிஸ்து தன்னை ஞானஸ்நானம் கொடுக்க அனுப்பவில்லை என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதையும் காட்டுவார்கள். அங்கே பிரச்சினை, யார் கையால் பெற்றோம் என்பதை வைத்துச் சபை கட்சி கட்டியதுதான். அதே பகுதியில், கிறிஸ்புவுக்கும் காயுவுக்கும் ஸ்தேவான் வீட்டாருக்கும் தானே கொடுத்ததைப் பவுல் சொல்லிவிடுகிறார். கட்சி கட்டுவதைக் கண்டித்தாரே தவிர, ஞானஸ்நானத்தைக் கைவிடவில்லை.

இரட்சணிய சேனையின் வாதம் இன்னும் கனமானது. சடங்கை முடித்துவிட்டு மனம் மாறாமலே இருந்துவிடுகிறார்கள் என்ற கவலையில், அதன் நிறுவனர் வில்லியம் பூத் 1883-இல் ஞானஸ்நானத்தையும் திருவிருந்தையும் நிறுத்திவைத்தார். கன்னியாகுமரி மாவட்டத்தில் அந்தச் சேனையின் தொண்டை அறிந்த எவரும், தண்ணீர் இல்லாததால் அவர்களின் விசுவாசம் குறைந்தது என்று சொல்லத் துணியமாட்டார்கள். ஆனால் அங்கும் சேனை வீரராகச் சேர்பவர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, கொடியின்கீழ், சபை முன்னால் உறுதி எடுக்கிறார். தண்ணீரை விலக்கியவர்களுக்கும் பலர் அறிய ஏற்கும் ஒரு செயல் தேவைப்பட்டிருக்கிறது. அப்படி ஒன்று வேண்டும் என்றால், முதல் சபையிலிருந்து தொடர்ந்து வருவதை விடக் காரணம் என்ன?

இந்தியாவில் எழும் ஆட்சேபம்தான் எல்லாவற்றிலும் கூர்மையானது. இங்கே ஞானஸ்நானம் என்பது ஒரு சமூகத்திலிருந்து வெளியேறி இன்னொன்றுக்குப் போவதாகிவிட்டது என்றார் இந்திய இறையியலாளர் எம்.எம். தாமஸ். கிறிஸ்துவுக்குள்ளான உறவு கண்ணுக்குத் தெரியும் ஒரு சபையாகத்தான் அமைய முடியும் என்று 1970-களின் தொடக்கத்தில் அவரோடு வாதிட்டார், அப்போது சென்னைப் பேராயராக இருந்த லெஸ்லி நியூபிகின். தமிழகத்தில் ஞானஸ்நானம் பெறாமலே இயேசுவை வழிபடுவோரைப் பற்றி ஹெர்பர்ட் ஹோஃபர் ஆராய்ந்து எழுதிய நூல் 1991-இல் வெளிவந்தது. இவர்களில் பலரின் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று சொல்வது அநியாயம். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவரான தலித் பட்டியல் சாதித் தகுதியை இழக்கிறார். 2024-இல் புதுச்சேரிப் பெண் ஒருவருக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழை மறுத்தபோது, அவர் குழந்தையாகப் பெற்ற ஞானஸ்நானத்தையும் உச்ச நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. இந்த விலையைக் கேட்பது அரசின் சட்டம். கைவிட வேண்டியது அந்தச் சட்டத்தை.

சபையின் குற்றமோ இன்னும் பெரிது. ஞானஸ்நானம் பெற்றவர்களிடையே யூதர், கிரேக்கர் என்ற பேதம் இல்லை என்று பவுல் கலாத்தியருக்கு எழுதினார். திருச்சி மேலப்புதூர் கல்லறையிலோ, ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்களைச் சாதிச் சுவர் பிரித்தது. இதைக் காட்டி, ஞானஸ்நானத்தால் என்ன பயன் என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அந்தச் சுவர் தவறு என்று ஒரு தலித் கிறிஸ்தவர் வாதாடும்போது, அவர் கையிலுள்ள வலுவான ஆதாரமும் இதே ஞானஸ்நானம்தான். எனக்குக் கொடுத்ததும் உனக்குக் கொடுத்ததும் ஒன்றே என்று அவர் சபையைப் பார்த்துக் கேட்க முடிகிறது. ஞானஸ்நானத்தை விட்டுவிட்டால் சுவர் நிற்கும், கேள்விதான் போய்விடும். ஆகவே, இன்னும் ஞானஸ்நானம் பெறாதவரை நரகத்தைக் காட்டி மிரட்டும் வேலை சபைக்கு வேண்டாம். பெற்றவரைப் பந்தியிலும் பொறுப்பிலும் கல்லறையிலும் சமமாக வைத்திருக்கிறோமா என்பதற்குத்தான் அது முதலில் பதில் சொல்ல வேண்டும்.