42 வயதில் திறந்த கதவு!

1948–ம் ஆண்டு ஜூலை மாதம். அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்துப் பேஸ்பால் குழுவில் ஒரு புதிய ஆட்டக்காரர் சேர்ந்தார். புதியவர் என்றால் இளைஞர் அல்ல. வயது 42! மற்றவர்கள் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் வயது.

அவர் பெயர் சாட்செல் பைஜ். பந்து வீசுவதில் மன்னர்.

பேஸ்பால், கிரிக்கெட்டைப் போலப் பந்தும் மட்டையும் கொண்டு ஆடும் ஆட்டம். அதில் பந்து வீசுகிறவருக்குத் தனி மதிப்பு. குழுவின் வெற்றி பெரும்பாலும் அவர் கையில்தான் இருக்கிறது.

"42 வயதில் புது ஆட்டக்காரரா!" என்று எல்லோரும் வியந்தார்கள். இன்றும் அதை வேடிக்கையாகவே சொல்கிறார்கள். ஆனால் இது வேடிக்கைக் கதை அல்ல. அநியாயக் கதை!

பை சுமந்த சிறுவன்

பைஜ் 1906–ல் அலபாமா மாநிலத்தில் மொபீல் என்ற ஊரில் பிறந்தார். ஏழைக் குடும்பம். தாய் துணி வெளுத்துப் பிழைத்தவர். சிறுவன் பைஜ், ரயில் நிலையத்தில் பயணிகளின் பைகளைச் சுமந்து காசு சம்பாதித்தான். "சாட்செல்" என்றால் பை. அதனால்தான் அந்தப் பெயர் வந்தது என்பார்கள்.

12 வயதில் சில்லறைத் திருட்டில் சிக்கினான். சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கேதான் முறையாகப் பந்து வீசக் கற்றுக்கொண்டான்.

எழுதாத சட்டம்

1926–ல் பைஜ் சம்பளத்துக்கு ஆடத் தொடங்கினார். விரைவிலேயே பெரும் புகழ் பெற்றார். ஆனால் பெரிய லீக்கின் கதவு மட்டும் திறக்கவில்லை. காரணம் ஒன்றே ஒன்று. அவர் கறுப்பர்!

கறுப்பர்களைச் சேர்க்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் எழுதப்படவில்லை. வெள்ளை முதலாளிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

கறுப்பர்களுக்குத் தனி லீக்குகள் இருந்தன. பைஜ் அவற்றில் ஆடினார். ஊர் ஊராகச் சுற்றினார். லீக் ஆட்டங்கள் முடிந்த பிறகு, வெள்ளை ஆட்டக்காரர்களுக்கு எதிராகக் காட்சி ஆட்டங்களும் ஆடினார். அவர் பந்தை அடிக்க முடியாமல் பெயர் பெற்றவர்களும் திணறினார்கள். வசூலுக்காக அவருடன் ஆடலாம். லீக்கில் மட்டும் ஆடக்கூடாது! இது எந்த ஊர் நியாயம்?

1947–ல் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பு வீரர் அந்தத் தடையை உடைத்தார். மறு ஆண்டு பைஜின் முறை வந்தது. இதற்குள் 22 ஆண்டுகள் ஓடிவிட்டன.

முதியவரின் வெற்றி

அந்த ஆண்டு பைஜ் 6 ஆட்டங்களில் வெற்றி தேடித் தந்தார். தோல்வி ஒன்றே ஒன்று. ஆகஸ்டு 20–ந் தேதி அவர் ஆட்டத்தைப் பார்க்க 78 ஆயிரத்துக்கும் அதிகமான ரசிகர்கள் திரண்டார்கள். "வேர்ல்டு சீரீஸ்" தொடரையும் கிளீவ்லாந்து வென்றது.

1965–ல் கான்சாஸ் சிட்டி குழுவுக்காக ஒரு நாள் களத்தில் இறங்கினார். வயது 59! மூன்று இன்னிங்ஸ் பந்து வீசினார். எதிரிகள் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. 59 வயதில் இப்படி என்றால், 25 வயதில் எப்படி இருந்திருப்பார்?

பாராட்டு போதுமா?

1971–ல் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். அங்கேயும் கறுப்பர்களுக்குத் தனிப் பகுதி என்று முதலில் அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகே சம இடம் தந்தார்கள். 1982–ல் பைஜ் காலமானார். கறுப்பர் லீக்குகளின் ஆட்டக் கணக்குகள் பெரிய லீக் கணக்குடன் சேர்ந்தது 2024–ல்தான்!

"தாமதமானாலும் மரியாதை கிடைத்ததே" என்று சிலர் சொல்லலாம். மரியாதை நல்லதுதான். ஆனால் கணக்கைச் சேர்க்கலாம். போன இளமையைச் சேர்க்க முடியுமா?

பைஜ் ஒருவருக்காவது கடைசியில் கதவு திறந்தது. அவருடன் ஆடிய பலருக்கு அதுவும் இல்லை. வயதாகிப் போனார்கள், மறக்கப்பட்டார்கள்.

பிறப்பைப் பார்த்துக் கதவை மூடுகிறவர்கள், பிறகு மாலை போட்டு அந்தக் குற்றத்தைக் கழுவ முடியாது. திறமை உள்ளவன் வாசலில் நிற்கும்போதே கதவைத் திறக்க வேண்டும். அதுதான் நியாயம்!